எந்த ஊர்ச் சாமி?

எங்கள் நாஞ்சில் நாட்டு வீடுகளில் புதிதாக எந்தச் சாமான் வந்து இறங்கினாலும், அதற்கு முதல் விசாரணை நடத்துகிறவர்கள் வீட்டிலுள்ள வயது முதிர்ந்த பெண்மணிகள்தாம். அந்த விசாரணையில் தேறாத பொருள் அதிக நாள் கூடத்தில் தங்காது, மச்சுக்குப் போய்விடும்.

நாகர்கோவிலில் உள்ள என் நண்பர் ஒருவர் புதுச்சேரிக்குப் போயிருந்தபோது, பழைய சாமான் கடை ஒன்றில் வெண்கலச் சிலை ஒன்றை வாங்கி வந்தார். ஒரு முழ உயரம் இருக்கும். ஆடையற்ற வீரன் ஒருவன் நிமிர்ந்து நிற்கிறான். மனித உடலும் காளைத் தலையும் கொண்ட ஒரு பிராணி அவனைக் கட்டிப் புரள்கிறது. வீரன் அதன் தலையை ஒரு கையால் இறுக்கிப் பிடித்து, மறு கையில் உள்ள குறுவாளைப் பாய்ச்சப் போகிறான். சிலையைப் புத்தக அலமாரியின் மேல் வைத்துவிட்டு, என்னையும் வரச்சொல்லி அழைத்திருந்தார். நான் போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"இது எந்த ஊர்ச் சாமி, மக்களே? பூசை உண்டுமா?" என்று நண்பரின் தாயார் கேட்டார். அவருக்கு எண்பது வயது.

நண்பர் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூட வாத்தியாராகப் பிறந்துவிட்டால் உலகத்திலுள்ள எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாகவேண்டும் போலிருக்கிறது! அன்று மாலை அந்த அம்மாளுக்குச் சொன்னதைத்தான், சற்று விரிவாக, இங்கே நேயர்களுக்கும் சொல்லப் போகிறேன்.

காளைத் தலையுள்ள பிராணியின் பெயர் மினோட்டார். வீரன் பெயர் தீஸியஸ். இருவரும் கிரேக்க புராணத்தைச் சேர்ந்தவர்கள். கிரீட் தீவின் அரசன், திக்குத் தெரியாத சுழல் மாளிகை ஒன்றைக் கட்டி அதற்குள் மினோட்டாரை அடைத்து வைத்திருந்தான். அதற்கு இரையாக ஆதென்ஸ் நகரத்தார் ஏழு வாலிபரையும் ஏழு கன்னியரையும் அனுப்பவேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிப் போனவர்களில் ஒருவனாகத் தானே புறப்பட்டான் தீஸியஸ். அரசன் மகள் அரியாட்னி கொடுத்த நூல் உருண்டையைப் பிரித்துக்கொண்டே உள்ளே சென்றான், அசுரனைக் கொன்றான், நூலைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தான்.

இவ்வளவையும் கேட்ட அந்த அம்மாள், "இது பகாசுரன் கதையல்லவா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான். முறை வைத்து வீட்டுக்கு ஒருவராக இரை அனுப்பிய ஊரும், பிறருக்காகத் தானே வண்டி ஏறிப் போன பீமனும் நம்முடைய பாரதத்தில் இல்லையா? வண்டிச் சோற்றைப் பீமன் தின்று தீர்த்தான் என்பது ஒன்றுதான் நம் கதையிலுள்ள அதிக ருசி.

சிலையின் பீடத்தில் 'பாரி' என்ற பெயர் பொறித்திருந்தது. பறம்பு மலையை ஆண்டு முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி அல்ல. இவர் பாரிஸ் நகரத்துப் பாரி. ஆந்த்வான் லூயி பாரி என்பது முழுப் பெயர். 1795-ல் பிறந்து 1875-ல் மறைந்தார். பாரிஸ் மிருகக்காட்சிசாலையில் சிங்கம் புலிகளின் கூண்டுகளுக்கு முன்னால் நின்று அவற்றின் எலும்பையும் தசையையும் கண்ணால் அளந்து பழகியவர். 1831-ல் அவர் பெயரை ஊரறியச் செய்த சிற்பம், புலி ஒன்று முதலையைக் கடித்து விழுங்குவது. அந்த முதலை எது தெரியுமா? நீண்ட மெல்லிய மூக்குடைய நம் கங்கைக் கரியால்! கங்கையை ஒருநாளும் பார்த்திராத ஒருவரின் கைவேலை இன்று லூவ்ர் மாளிகையில் இருக்கிறது. தீஸியஸையும் மினோட்டாரையும் அவர் வடித்தது 1843-ல். இத்தனை திறமை படைத்தவர் வியாபாரத்தில் தோற்றுப்போனார். சொந்தமாக வார்ப்படச் சாலை வைத்து 1848-ல் கடனில் மூழ்கினார். அவருடைய மாதிரி உருக்களே கடன்காரர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. பின்னால் பலருடைய கைகளில் அவை மீண்டும் மீண்டும் வார்க்கப்பட்டன. ஆகையால் பீடத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக நண்பரின் சிலை பாரியின் காலத்தது என்று துணிந்து சொல்லிவிட முடியாது. இதை நண்பரிடம் சொன்னபோது அவர் முகம் வாடியது. என்ன செய்வது? வாத்தியார் உத்தியோகம் அப்படிப்பட்டது.

"சரி, கோயில் எங்கே இருக்கு?" என்பது அம்மாளின் அடுத்த கேள்வி.

அதுதான் விஷயம். கோயில் கிடையாது. பாரி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கோயில்களில் பூசை நின்றுபோயிற்று. பிரெஞ்சு ஜனங்கள் வணங்கியது கிறிஸ்துவை. அப்பாலோவும் வீனஸும் அவர்களுக்குப் பள்ளியில் படித்த கதைகள், சிற்பக் கலைஞனுக்குக் கிடைத்த பாத்திரங்கள், அவ்வளவுதான். பக்தன் இல்லாத தெய்வத்தை எப்படி வடித்தாலும் கேட்பாரில்லை. அதனால் பிரெஞ்சுச் சிற்பிக்கு அளவற்ற சுதந்திரம் கிடைத்தது. அந்தச் சுதந்திரத்தை அவன் மனித தேகத்தின் மேல் செலவிட்டான். நரம்பின் முறுக்கு, மூச்சு அடங்கும் நொடி, வாள் இறங்குவதற்கு முந்திய கணம் இவையே அவன் கவனமெல்லாம். பாரியின் தீஸியஸ் முகத்தில் கோபம் இல்லை. ஒரு நிச்சயம் மட்டும் இருக்கிறது. வேலை முடிந்துவிட்டது, வாள்தான் இன்னும் இறங்கவில்லை என்பதுபோல.

கோயிலை இழந்த தெய்வங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்ஸ் வேறோர் இருப்பிடம் கொடுத்தது. அது நடுத்தரக் குடும்பத்தாரின் வீட்டுக் கூடம். 1836-ல் ஆஷீல் கொலாஸ் என்பவர் ஓர் இயந்திரம் கண்டுபிடித்தார். ஆளுயரச் சிலை ஒன்றின் மேல் ஊசி ஒன்று நகர, அதே அசைவை இன்னொரு முனை சிறிய அளவில் செதுக்கிக்கொண்டே போகும். சுவரில் ஒட்டும் சித்திரக் காகிதம் விற்றுக்கொண்டிருந்த பெர்தினான் பார்பெதியென், 1838-ல் கொலாஸுடன் கூட்டுச் சேர்ந்தார். 1820-ல் மீலோஸ் தீவில் கிடைத்து லூவ்ருக்கு வந்த வீனஸ், பல அளவுகளில் சுருங்கி, கடிகாரத்துக்குப் பக்கத்தில் கணப்புச் சட்டத்தின் மேல் வந்து நின்றாள். மகாராஜாக்கள் மட்டுமே வாங்கக்கூடியதாயிருந்த கலையை வழக்கறிஞரும் வர்த்தகரும் மாதச் சம்பளக்காரரும் வாங்கினார்கள். "இது கலையா, மேஜைக் காகிதத்துக்குப் பாரமா?" என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஆனாலும் பெரிய சிற்பத்தைச் சிறிய வீட்டுக்குள் கொண்டு சேர்த்தது லேசான காரியமல்ல. 1870-ல் ஜெர்மானியருடன் யுத்தம் மூண்டபோது, வீனஸை வார்த்த அதே சாலை பீரங்கி வார்த்துக் கொடுத்தது. வெண்கலத்துக்குத் தான் என்னவாகப் போகிறோம் என்பது தெரியாது. வார்ப்பவன் மனம்தான் அதன் தலையெழுத்து.

வார்க்கும் முறையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிரெஞ்சுச் சிற்பி களிமண்ணில் உருச் செய்து, அதிலிருந்து பிளாஸ்டரில் மாதிரி எடுத்துக் கொடுத்துவிடுவான். வார்ப்படக்காரர்கள் அதை மணல் அச்சில் பதித்து, கை தனி, உடல் தனியாக உள்ளே கூடாக வார்த்து இணைப்பார்கள். ராவிச் சீர் செய்ய ஓர் ஆள். திராவகம் பூசிப் பச்சையோ பழுப்போ நிறமேற்ற இன்னோர் ஆள். ஒரே மாதிரியிலிருந்து நூறு சிலை எடுக்கலாம். மெழுகில் உருச் செய்து வார்க்கும் பழைய முறை அங்கே ஏறக்குறைய வழக்கொழிந்து கிடந்தது. ஒனோரே கொனோன் என்ற வார்ப்படக்காரர் அதை மீண்டும் உயிர்ப்பித்து, பாரியின் சிங்கம் ஒன்றை 1835-ல் வார்த்தபோது அதைப் பெரிய அதிசயமாகப் பேசினார்கள்.

அந்த அதிசயம் நம் சுவாமிமலையில் அன்றாட வேலை! சோழர் காலத்திலிருந்து இன்றுவரை அது அறுபடவில்லை. ஸ்தபதி தென்னை ஓலையை மடித்து மடித்துத் தாலக் கணக்குப்படி உறுப்புகளின் அளவைக் குறித்துக்கொள்கிறார். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த மெழுகில் தம் கையாலேயே முழு உருவையும் செய்கிறார். அதன் மேல் காவேரி வண்டலைப் பூசிப் பூசி உலர்த்துகிறார். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து, ஆறிய பிறகு மண்ணை உடைத்தெடுக்கவேண்டும். மண் உடைந்தால் அச்சும் போயிற்று. ஆகையால் ஓர் அச்சுக்கு ஒரு மூர்த்திதான். நம் உற்சவ விக்கிரகங்கள் பெரும்பாலும் உள்ளே கூடு இல்லாமல் கெட்டியாக வார்க்கப்பட்டவை. அவற்றுக்கு நிறமேற்றத் திராவகம் வேண்டியதில்லை. பாலும் எண்ணெயும் சந்தனமும் தலைமுறை தலைமுறையாக அபிஷேகமாகி, மூக்கும் கன்னமும் தேய்ந்து வழவழப்பாகி வரும் பொலிவு ஒன்று உண்டு. பாரிஸ் நகரத்து எந்த மருந்துக்கும் அது வராது.

இனி, இந்த இரண்டு உலகங்களும் ஒன்றையொன்று சந்தித்த இடத்துக்கு வருவோம்.

பாரி முதுமையில் மிருகங்களை வரையக் கற்றுக்கொடுத்தபோது அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் அகுஸ்த் ரோதான். பிற்காலத்தில் பிரான்ஸ் தேசத்தின் மகா சிற்பி என்று பெயர் பெற்றவர். 1877-ல் அவர் காட்சிக்கு வைத்த வாலிபன் சிலைக்கு 'வெண்கல யுகம்' என்று பெயர். நாம் கிருதம், திரேதம், துவாபரம், கலி என்று சொல்வதுபோல, கிரேக்கக் கவி ஹெஸியட் பொன், வெள்ளி, வெண்கலம் என்று யுகங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். அதில் மூன்றாவது யுகத்தின் பெயர்தான் இந்தச் சிலைக்கு. உறக்கத்திலிருந்து விழிப்பவன்போல் அந்த வாலிபன் கையைத் தூக்கி நிற்கிறான். சிலை அவ்வளவு தத்ரூபமாக இருந்ததால், "உயிருள்ள மனிதன் மேலேயே அச்செடுத்து வார்த்துவிட்டார்" என்று பழி சுமத்தினார்கள். அந்தப் பழி நீங்கி, 1880-ல் பிரெஞ்சு அரசாங்கமே அந்தச் சிலையை வாங்கிக்கொண்டது.

இந்த ரோதானின் கைக்குத்தான், அவருடைய வயதான காலத்தில், சில போட்டோப் படங்கள் வந்து சேர்ந்தன. விக்டர் கொலூபெவ் என்ற ரஷ்யர் கொடுத்த அந்தப் படங்கள் சென்னை அருங்காட்சியகத்திலுள்ள நடராஜ மூர்த்திகளுடையவை. ரோதான் ஒருநாளும் இந்தியாவுக்கு வந்ததில்லை. திருவாலங்காடு எந்தத் திசையில் இருக்கிறது என்றும் அவருக்குத் தெரிந்திராது. ஆனால் அந்தக் காகிதப் படங்களைக் கையில் வைத்துக்கொண்டு, முகம், உதடு, கை, கால் என்று ஒவ்வோர் உறுப்பிலும் நின்று நின்று பார்த்து, வியந்து ஒரு கட்டுரை எழுதினார். எழுதியது 1913 வாக்கில். அவர் 1917-ல் காலமானார். கட்டுரை 1921-ல் பாரிஸில் அச்சாயிற்று. நம் ஆனந்த குமாரசுவாமியும், முன்னாளில் சென்னைக் கலைப்பள்ளியை நடத்திய ஹாவெலும் அதே தொகுதியில் எழுதியிருந்தார்கள்.

இவ்விடத்தில் நிறுத்திவிட்டால் நமக்கெல்லாம் மிகவும் சந்தோஷமாக இருக்கும். "மேல்நாட்டு மகா சிற்பியே நம் நடராஜர் முன் தலை வணங்கினார், வாழ்க நம் தேசம்!" என்று கை தட்டிவிட்டு எழுந்து போகலாம். நானும் அன்று மாலை ஏறக்குறைய அப்படித்தான் முடித்தேன். ஆனால் நண்பரின் தாயார் கை தட்டவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம் தகப்பனாரைப் பற்றிச் சொன்னார்.

அவருடைய தகப்பனார் சிறுவனாயிருந்த காலத்தில், அவர்கள் குடும்பத்தார் கோயிலுக்குள் போக முடியாது. கோயிலைச் சுற்றியுள்ள வீதியிலும் நடக்க முடியாது. தேரோட்டத்தன்று அந்தப் பையன் தூரத்திலுள்ள தென்னந்தோப்பின் ஓரத்தில் நிற்பானாம். மரங்களுக்கு மேலே தேரின் கலசம் அசைந்து போவது மட்டும் தெரியுமாம். சாமி எப்படி இருக்கும் என்று வீட்டில் கேட்டால், "நல்லா இருக்கும்" என்பார்களாம். அவர்களும் பார்த்ததில்லையே!

இதைக் கேட்டபோது, நான் அத்தனை நேரம் பெருமையாக வர்ணித்துக்கொண்டிருந்த விக்கிரகத்தின் ஒரு பகுதியை நானே மறந்துவிட்டிருந்தேன் என்பது விளங்கிற்று. அது பீடம். உற்சவ மூர்த்திகளின் பீடத்தில் துவாரங்களும் வளையங்களும் இருக்கும். அவை அலங்காரமல்ல, தண்டு கோத்துத் தோளில் தூக்கிச் செல்வதற்காக. மூலவர் கல், இருந்த இடத்தில் இருப்பவர். உள்ளே வர இயலாதவரும், நோயாளியும், முதியவரும் காணட்டும் என்று வீதிக்கு எழுந்தருள்பவர் வெண்கல உற்சவர். வெளியே போகவேண்டும் என்பதற்காகவே அந்த மூர்த்தியைச் செய்தார்கள். அப்படிச் செய்துவிட்டு, அது வரும் வீதியையே ஒரு பகுதி ஜனங்களுக்கு அடைத்து வைத்தால், ஸ்தபதியின் சிரமத்துக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியை எங்கள் நாஞ்சில் நாடு கேட்டிருக்கிறது. இந்திரன் தன் பாவம் நீங்கிச் சுத்தமடைந்த தலம் என்பதால் சுசீந்திரம் என்று பெயர் பெற்ற ஊரில், தாணுமாலயன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் எல்லோரும் நடக்கவேண்டும் என்று 1926-ல் சத்தியாக்கிரகம் தொடங்கிற்று. வைக்கம் போராட்டத்தின் தொடர்ச்சி அது. நாகர்கோவில் டாக்டர் எம்பெருமாள் நாயுடு அதில் முன்னின்றார். காந்தியடிகளுக்கே 1925-ல் கன்னியாகுமரிக் கோயிலில் உள்ளே சென்று தரிசிக்க இடம் கிடைக்கவில்லை. கடல் கடந்து இங்கிலாந்து போய் வந்தவர் என்பது காரணம். பிறகு 1936 நவம்பர் 12-ந் தேதி திருவிதாங்கூரில் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியாயிற்று. அடுத்த ஜனவரியில் காந்தியடிகள் வந்து, திறந்த கோயில்களுக்குள் ஹரிஜனங்களோடு சென்று தரிசித்தார்.

கணக்குப் பார்த்தேன். பாரிஸில் ரோதான் நம் நடராஜரைப் பற்றி எழுதி 23 வருஷங்கள் கழிந்த பிறகுதான், சொந்த ஊர்க் கோயிலிலுள்ள மூர்த்தியைப் பார்க்க அந்த அம்மாளின் தகப்பனாருக்கு வழி பிறந்தது!

சென்னைக் கலைப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக 1929 முதல் 1957 வரை இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. ரோதானின் வழியை நன்றாக உணர்ந்தவர் என்பது, 1959-ல் மெரினாக் கடற்கரையில் நிறுவப்பட்ட அவருடைய உழைப்பாளர் சிலையைப் பார்த்தாலே தெரியும். பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் முதுகுத் தசையில் பாரியும் ரோதானும் வந்து நிற்கிறார்கள். ஆனால் பாறையைத் தள்ளுகிறவன் தீஸியஸ் அல்ல. நம் ஊர்க் கூலியாள். அதே ராய் சௌத்ரி, திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசத்தையே பொருளாகக் கொண்டும் வெண்கலத்தில் ஒரு சிற்பம் செய்திருக்கிறார். புராண வீரனுக்காகப் பிரெஞ்சுக்காரன் பழகிய வித்தை, கதவு திறந்த கதையைச் சொல்ல இங்கே பயன்பட்டது. பிற தேசத்துக் கலையைக் கற்பது என்றால் இப்படித்தான் கற்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு பக்கமும் உண்டு. பூசையில்லாமல் மேஜை மேல் நிற்பது கிரேக்க தெய்வத்துக்கு மட்டும் வந்த கதியல்ல. பத்தூர் நடராஜர் லண்டன் வரை போய், அங்கே நீதிமன்றத்தில் வழக்காகி, 1991-ல் திரும்பி வந்தார். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் விலைக்கு வாங்கியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து 2014-ல் திருப்பிக் கொடுத்தது. நாம் பாராமல் விட்ட கோயிலில்தான் திருடனுக்கு வேலை. அடைத்த கதவு ஒரு விதம். யாரும் எட்டிப் பாராத திறந்த கதவு இன்னொரு விதம். இரண்டிலும் மூர்த்திக்குக் கிடைப்பது இருட்டே.

ஆகையால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். சென்னைக்குப் போகும்போது குழந்தைகளை எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சாலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதோடு நின்றுவிடாமல், உங்கள் ஊர்ச் சிறு கோயிலில் உற்சவர் புறப்படும்போது வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பீடத்திலுள்ள துவாரம் எதற்கு என்று குழந்தைகள் கேட்டால், அது எதற்கு என்று மட்டும் சொல்லாமல், அது யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லுங்கள்.

அன்று நான் விடைபெறும்போது விளக்கேற்றும் நேரம். நண்பரின் தாயார் பூசை அறை விளக்கை ஏற்றிவிட்டு வந்து, அலமாரியின் மேல் நின்ற தீஸியஸை மறுபடியும் ஒரு முறை பார்த்தார்.

"அந்தச் சிற்பி படத்தைப் பார்த்துத்தான் எழுதினாரு என்று சொன்னீரே, வாத்தியாரே, நேரிலே பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை, அம்மா. கடைசிவரை பார்க்கவில்லை" என்றேன்.

"பாவம்! எங்க அப்பா மாதிரி அவரும் தூரத்திலே நின்னவருதான்" என்றார் அந்த அம்மாள்.

தீஸியஸ் மச்சுக்குப் போகவில்லை. இன்றும் கூடத்தில்தான் இருக்கிறான். பூசை கிடையாது, ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தூசி தட்டுகிறார்களாம்.